மருந்துக்கடைக்கு மேல் லைஸ்பெத்தின் தலை

எங்கள் ஊரில் வெளியூர்க்காரர் யாராவது வழி கேட்டால், "நேரா போங்க, லைஸ்பெத்தோட வாய்க்குக் கீழ இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்வது கால் நூற்றாண்டுக்கு மேல் வழக்கமாக இருந்தது. கேட்டவர் விழிப்பார். சொன்னவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்த லைஸ்பெத் உயிரோடு, இரண்டு தெரு தள்ளி, மீனுக்குப் புகைபோடும் கொட்டகையில் கால்கடுக்க நின்றுகொண்டிருக்கிறாள் என்பது எவரையும் உறுத்தவில்லை. சிரிக்க ஆள் கிடைத்துவிட்டால் எங்கள் ஊருக்குக் கண் தெரியாது.

வாய் என்றது, மருந்துக்கடை வாசலுக்கு மேல் மாட்டியிருந்த மரத்தலையின் வாயை. எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் கடையைக் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக ஆம்ஸ்டர்டாம் பக்கத்து ஸைடர்ஸே கடலோர ஊர்களில் மருந்துக்கடைக்கு மேல் இப்படி ஒரு தலையை மாட்டுவார்கள். வாயை ஆவென்று பிளந்து நாக்கை வெளியே தொங்கவிட்டிருக்கும். நாக்கின்மேல் ஒரு மாத்திரைகூட இருக்கும். கொட்டாவித்தலை என்று அதற்குப் பேர். ஓர் ஊரில் அது கோமாளிக் குல்லா போட்டிருக்கும், இன்னோர் ஊரில் சிப்பாய்த் தொப்பி. பெரும்பாலும் தலைப்பாகை கட்டிய மூர், அதாவது ஆப்பிரிக்காக் கரைக் கறுத்த மனிதன். மருந்துச் சரக்கெல்லாம் கிழக்கேயிருந்து கப்பலில் வருகிறதாம், அதற்கு அடையாளமாம். நாக்கை நீட்டிக்கொண்டு தொங்க அந்தக் கறுத்த மனிதர்களுக்குச் சம்மதமா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இதை லைஸ்பெத்தான் பின்னாளில் கேட்டாள். தன் தலை மேலே போகும்வரை அவளுக்கும் அது தோன்றியதில்லை.

அது மேலே போன கதை இப்படி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. மீனவன் தைஸைக் கட்டிக்கொண்டு புதிதாய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கெர்மிஸ் திருவிழா சமயம். ஒரு வாரமாய்ப் பல்வலி. கன்னம் ரொட்டி மாவாய் உப்பிவிட்டது. கிராம்பு வைத்துப் பார்த்தாள், ஜின் ஊற்றிக் கொப்பளித்தாள், அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. திருவிழாத் திடலில் இறகுத்தொப்பி வைத்த ஒருத்தன் வண்டிமேல் நின்று பல் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஏழைகளுக்கு இலவசம் என்று முழங்கினான். ஏன் இலவசம் என்றால், ஏழை போடும் கூச்சல்தான் அவனுக்கு விளம்பரம். கூச்சல் அதிகமானால் மத்தளக்காரன் ஓங்கி அடிப்பான்.

அவளை முக்காலியில் உட்கார வைத்துத் தலையைப் பின்னுக்குத் தள்ளி, கட்டைவிரலால் நாக்கை அழுத்திக்கொண்டு, குறடை உள்ளே விட்டான். முதலில் நல்ல கோரைப்பல்லைப் பிடுங்கினான். பிறகுதான் கெட்ட பல். கூட்டம் கைதட்டியது. அவள் கண்ணிலிருந்து நீர் காதுவரை ஓடியது. கூட்டத்தில் முன்வரிசையில் மருந்துக்கடை பாரென்ட் கோஸ்டர் நின்றிருந்தான், பக்கத்தில் ஹோர்ன் நகரத்திலிருந்து வந்த மரச்சிற்பி. அப்பா காலத்துத் தலை உளுத்துவிட்டதென்று புதுத்தலை செய்யச் சொல்லிக் கோஸ்டர்தான் அவனை வரவழைத்திருந்தான். "இதோ, தேடினது கெடைச்சிருச்சு. இவளை வரைஞ்சிக்கோ" என்று கோஸ்டர் முழங்கையால் இடித்ததைப் பக்கத்தில் நின்ற நேல் தன் கண்ணால் பார்த்தாள். நேல், லைஸ்பெத்தோடு கொட்டகையில் வேலை செய்பவள். என்னத்துக்கு வரைகிறார்கள் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

வசந்தத்தில் புரிந்தது.

"ஏண்டி, மருந்துக்கடையில வேலைக்குச் சேர்ந்துட்டியாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ரொட்டிக்காரன் மனைவி கேட்டபோது லைஸ்பெத் திருதிருவென்று விழித்தாள். கடைத்தெருவுக்குப் போய் நிமிர்ந்து பார்த்தாள். தலைப்பாகை, சிவப்பில் மஞ்சள் கோடு. தோல் காப்பிக்கொட்டை நிறம். மற்றதெல்லாம் அவள். சின்ன வயதில் அண்ணன் வீசிய தூண்டில் முள் கிழித்த மேலுதட்டுத் தழும்பு இருந்தது. வலையில் தோடு மாட்டி அறுந்த வலது காதுமடல் இரண்டாய்ப் பிளந்தபடி இருந்தது. இடது கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அந்த வாயிலிருந்து ஒரு சிவப்பு நாக்கு வெளியே நீண்டு, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் பழித்துக்கொண்டிருந்தது.

அவள் கடைக்குள் போனாள். கோஸ்டர் கற்பூரம் நிறுத்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஆக வேண்டுமென்று ஆம்ஸ்டர்டாம் போய்ப் பரீட்சை எழுதித் தோற்றுத் திரும்பியவன். அப்போதிக்கரி ஆகியிருந்தால் கண்ணாடியில் தங்க எழுத்துப் போட்டிருப்பான். அதற்குச் சட்டம் விடாது. மூலிகையும் இருமல் மிட்டாயும் சுவருக்குப் பூசும் சுண்ணமும் விற்கிற கடைக்குக் கொட்டாவித்தலைதான் கதி. அந்த எரிச்சலில், சுற்றுவட்டாரத்தில் எவனிடமும் இல்லாத தலையாக அது இருக்க வேண்டுமென்று நினைத்தான்.

"கோஸ்டர் ஐயா, வெளிய மாட்டியிருக்கிறது என் மூஞ்சி."

"உன் மூஞ்சியா? அது மூர், பொண்ணு. தலைப்பாகை தெரியல? நீ எப்ப தலைப்பாகை கட்டின?"

"தழும்பு தெரியுது. காது தெரியுது. பல்லு போன எடம் தெரியுது. வலி தாங்காம நான் செத்துக்கிட்டிருந்தப்போ வரைஞ்சி எடுத்தீங்க. நேல் பார்த்தா."

"மரத்துல வெடிப்பு விழும். அதெல்லாம் தழும்பா?"

"நான் நாக்கே நீட்டலையே ஐயா! அந்த ஆளோட கட்டைவிரல் என் நாக்கு மேல இருந்துச்சு. ஊரையே பார்த்து நான் நாக்கு நீட்டுறாப்ல வெச்சிருக்கீங்களே, இது நியாயமா?"

"இருமலுக்கு ஏதாவது வேணும்னா சொல்லு. இல்லன்னா வழியை விடு, ஆளுங்க நிக்கிறாங்க" என்றான் கோஸ்டர். நின்ற ஆட்களெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவளைக் கண்டதும் வரிசையாய் நின்று நாக்கை நீட்டின. கோயிலில் பிரசங்கத்தின் நடுவே அவள் கொட்டாவியைக் கையால் பொத்தினால் பின்வரிசையில் கிசுகிசுப்பு. கொட்டகையில் புதிதாய்ச் சேர்ந்த பெண்கள், "அக்கா, ஒரு மாத்திரை குடுங்க" என்பார்கள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தொட்டிலில் கொட்டாவி விட்டபோது மருத்துவச்சி சொன்னாள், "கடைக்கு அடுத்த தலை ரெடி." பச்சைக் குழந்தையைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? லைஸ்பெத் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாத நிலையில், "என் வீட்டை விட்டு வெளிய போடி" என்று கத்தினாள். அதுவும் ஊரில் பெரிய நகைச்சுவையாகிவிட்டது.

"நாள் முழுக்க ஹெர்ரிங் மீன் வாயைத் தெறந்து குச்சியில கோக்குறேன். செத்த மீனு, அதைக்கூட விரலால ஒரு தட்டு தட்டிட்டுத்தான் தெறக்கிறேன்" என்று நேலிடம் குமுறினாள். "என்கிட்ட எவன் கேட்டான்?"

"விடுடி. ஒரு வருஷம் சிரிப்பானுங்க, அப்புறம் வேற ஆளைப் புடிப்பானுங்க."

பிடிக்கவில்லை. வருஷா வருஷம் கெர்மிஸுக்கு முன்னால் கோஸ்டர் தலைக்குப் புதுப்பூச்சு அடிக்க, சிரிப்பும் கூடவே புதுசாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் அவள் கோயிலுக்குப் போய் மூப்பர் சபையில் முறையிட்டாள். எங்களுக்கு நீதிமன்றம் தூரம், கோயில் பக்கம். கோஸ்டரும் ஒரு மூப்பன். போதகர் அவனைப் பார்த்து, "சகோதரர் கோஸ்டர், கர்த்தருக்கு முன்னால் சொல்லுங்கள்" என்றார். கோஸ்டர் எழுந்து வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்தான். "அந்தத் தலையில் இந்தப் பெண்ணின் ஓர் அடையாளம்கூட இல்லை. கர்த்தர் சாட்சி." மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தினம் அந்தத் தலைக்குக் கீழே நடப்பவர்கள். தழும்பு தெரியும், காது தெரியும். அத்தனை பேரும் குனிந்து மீசைக்குள் சிரித்துக்கொண்டார்கள். அன்றைக்கு இளம் உதவிக்காரனாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்த விக்கெர்ட்டும் சிரித்தான். நேல் சாட்சி சொல்ல வெளியே காத்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிடவே இல்லை.

தீர்ப்பு என்ன தெரியுமா? மூப்பன் ஒருவன்மேல் பொய்ப்பழி போட்டதற்காக, லைஸ்பெத் மனம் திரும்பும்வரை, கோயிலில் அப்பம் பகிரும் இராப்போஜனத்தில் பங்குபெறக் கூடாது. பொய் சொன்னவன் அப்பத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்ள, உண்மை சொன்னவள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால் போதும், விட்டுவிடுவார்கள். "ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்" என்றான் தைஸ்.

"எதுக்கு மன்னிப்பு? எனக்குக் கண்ணு தெரியிறதுக்கா?"

கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பத்தட்டு அவள் மடியைத் தாண்டிப் பக்கத்து ஆளுக்குப் போயிற்று. முகத்தைப் பறித்துக்கொண்டதோடு விட்டார்களா, பொய்க்காரி என்ற பேரையும் கட்டி விட்டார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தலை கீழே வர வேண்டும், அவள் சொன்னது பொய்யில்லை என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்ய வக்கில்லாத ஊரில் அவள் மீன் கோத்தாள், பிள்ளை வளர்த்தாள், கோஸ்டர் கடை வாசலை மிதிக்காமல் இருந்தாள். மகளுக்குக் கக்குவான் இருமல் வந்த பனிக்காலத்தில் கடற்சுவர் மேலேயே நடந்து அடுத்த ஊருக்குப் போய் மருந்து வாங்கிவந்தாள். விறைத்த விரல்களைப் பார்த்துத் தைஸ் தலையிலடித்துக்கொண்டான்.

"கோஸ்டர் கடை எதிர்த்த தெருவுல இருக்கு! வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா?"

"அந்த வாய்க்குக் கீழ குனிஞ்சு நான் உள்ள போகணுமா? நீ வேணா போ. போய்ட்டு இந்த வீட்டுக்கு வராத."

மகள் பிழைத்துக்கொண்டாள், வளர்ந்து கட்டிக்கொண்டு போனாள். லைஸ்பெத்தின் தலைமுடி நரைத்தது, மற்றப் பற்களும் ஒன்றிரண்டு போயின. மேலே மாட்டியிருந்தவள் மட்டும் இருபத்து மூன்றிலேயே நின்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு ஜனவரியில் கடல் உள்ளே வந்தது. காற்று விடாமல் அடித்ததில் கடற்சுவர் சரிந்து, ஊர் முழுக்கத் தண்ணீர். மாடுகள் மிதந்தன. கட்டில், மேசை, பாலாடைக்கட்டித் தொட்டி எல்லாம் தெருவில் நீந்திப்போயின. லைஸ்பெத்தும் தைஸும் பரணில் ஏறி உயிர் பிழைத்தார்கள். தண்ணீர் இறங்கியதும் கொல்லைப்புறத்துச் சேற்றை வாரப் போன லைஸ்பெத், வேலியோரம் நாணற்குப்பைக்குள் ஒரு முகம் வானத்தைப் பார்த்துக் கிடப்பதைக் கண்டாள். பிணம் என்று நினைத்துப் பின்வாங்கினாள். பிறகு நாக்கைப் பார்த்தாள்.

தனித்துண்டாய் ஆணியடித்திருந்த தலைப்பாகையைக் கடல் கொண்டுபோயிருந்தது. உப்புத்தண்ணீரில் ஊறி, இத்தனை வருஷப் பூச்சும் பாளம் பாளமாய் உரிந்துவிட்டது. மூர் போய்விட்டான். வெறும் மரத்தில் அவள் மட்டும் கிடந்தாள்.

தைஸ் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கே ஆத்திரம் வந்தது. இத்தனை காலம் வராத ஆத்திரம். "குடு இங்க. பொளந்து அடுப்புல போடுறேன். கேக்கிறவன் எவன்?"

"வேண்டாம்."

"என்னடி வேண்டாம்? இதுக்குத்தானே ஆயுசு பூரா மல்லுக்கு நின்ன?"

"அடுப்புல போட்டா அவன் சொன்னதுதான் நிலைக்கும். இருந்த ஒரே சாட்சியையும் நானே எரிச்சவளாவேன். இதை எடைமண்டபத்துல ஒப்படைக்கப் போறேன்."

எங்கள் கரையில் அதுதான் முறை. கடல் கொண்டுவந்து போட்ட எதையும் கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது. கரையொதுங்கும் பொருளுக்கென்று ஓர் அதிகாரி உண்டு, சந்தைச் சரக்கு நிறுக்கும் எடைமண்டபத்தில் அவரிடம் சேர்க்க வேண்டும். உடையவர் வந்து, பொருளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால், வாயால் அடையாளம் சொல்ல வேண்டும். சொன்னது பொருந்தினால் எடுத்துப் போகலாம். கப்பல் உடைந்த காலத்திலிருந்து வந்த வழக்கம். இதில் பணக்காரன், ஏழை, மூப்பன் என்று தயவு தாட்சண்யம் கிடையாது. அப்போது அந்த அதிகாரி விக்கெர்ட்தான், மூப்பர் சபையில் மீசைக்குள் சிரித்த அதே விக்கெர்ட். இப்போது மீசை வெளுத்திருந்தது. லைஸ்பெத் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்ததை அவிழ்த்துப் பார்த்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். அதை உள்ளே எடுத்துப்போனான்.

குறித்த நாளில் எடைமண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. பாய்த்துணியைக் குறுக்கே கட்டி அந்தப் பக்கம் பொருள்களை அடுக்கியிருந்தார்கள். ஒருத்தி தொட்டில் கேட்டாள். கால்மாட்டில் நாய் கடித்த தடம் இருக்கும் என்றாள், இருந்தது, கொடுத்தார்கள். ஒருத்தன் தள்ளுவண்டி கேட்டான். சக்கரத்தில் எத்தனை ஆரக்கால் என்று தப்பாய்ச் சொன்னான். "அடுத்த வண்டி மிதந்து வரட்டும், போ" என்று விக்கெர்ட் விரட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கோஸ்டர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் கடையில் இழுப்பறைகள் எல்லாம் நனைந்து மூலிகை பூசணம் பூத்துப்போயிருந்தது. இருந்தாலும் நடையில் மூப்பன் தோரணை குறையவில்லை.

"என் கடைத்தலை வந்திருக்கிறதாச் சொன்னாங்க."

"அடையாளம் சொல்லுங்க" என்றான் விக்கெர்ட்.

"என்ன விக்கெர்ட், ஊருக்கே தெரிஞ்ச தலை..."

"ஊருக்குத் தெரியும். நீங்க சொல்லணும்."

"மூர். சிவப்புத் தலைப்பாகை, மஞ்சக் கோடு. தோல் காப்பி நிறம்."

விக்கெர்ட் துணிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "தலைப்பாகை கட்டினது எதுவும் இங்க இல்ல. காப்பி நிறமும் இல்ல."

"தண்ணியில போயிருக்கும்!"

"போயிருக்கலாம். ஆனா அக்கம்பக்கத்து ஊருல எல்லாம் கொட்டாவித்தலை காணாமப் போயிருக்கு. அந்தக் கடைக்காரங்களும் கேட்டு ஆளனுப்பியிருக்காங்க. நான் எப்படித் தூக்கிக் குடுக்கிறது? பூச்சை விடுங்க. மரத்துல செதுக்கினதுல ஏதாவது அடையாளம் சொல்லுங்க."

"வாய் தெறந்திருக்கும்" என்றான் கோஸ்டர்.

"மூடின வாயோட எவன்யா மருந்துக்கடையில மாட்டுவான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொல்லென்று சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்படி வலிக்கும் என்று கோஸ்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

"வேற?" என்றான் விக்கெர்ட்.

கோஸ்டரின் கண் கூட்டத்தில் அலைந்தது. முன்வரிசையில் லைஸ்பெத் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் நேல். தழும்பைப் பார்த்தான். குல்லாய் ஓரத்தில் தெரிந்த காதைப் பார்த்தான். சொல்ல வேண்டிய பதில் முழுவதும் அவன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. மேலுதட்டில் தழும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் தலை அவனுக்கு. சொன்னால், வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னது என்ன ஆகும்? போதகரும் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். மண்டபத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"மேல..." என்று ஆரம்பித்தான். உதடு அப்படியே நின்றது. பிளந்த வாயோடு அவன் நின்ற நிலையைப் பார்த்து நேல் லைஸ்பெத்தின் விலாவில் இடித்தாள், லைஸ்பெத் சிரிக்கவில்லை.

"மேல என்ன, சகோதரரே?" என்றான் விக்கெர்ட்.

"அது..." கோஸ்டர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "அது என்னோடதில்ல."

சொல்லிவிட்டு வெளியே போனான். கடைசிவரைக்கும் உண்மை அவன் வாயிலிருந்து வரவில்லை பார்த்தீர்களா? கடையின் பேரே அந்தத் தலைதான். அதை விட்டுக்கொடுத்தான், பொய்யை விட்டுக்கொடுக்கவில்லை.

"வேற யாராவது உரிமை கேக்கிறீங்களா?" என்று விக்கெர்ட் கூட்டத்தைப் பார்த்தான்.

"நான் கேக்குறேன்" என்றாள் லைஸ்பெத்.

"அடையாளம்?"

அவள் மேசைக்கு முன்னால் வந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குல்லாயை ஒதுக்கி வலது காதைக் காட்டினாள். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஊர் பார்க்க ஒருமுறைகூட அகலத் திறக்காத வாயை, அகலத் திறந்தாள். விக்கெர்ட் விளக்கைத் தூக்கி உள்ளே பார்த்தான். துணிக்குப் பின்னால் போனான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். 

"அடையாளம் சரியா இருக்கு" என்றான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி மறுபடி சொன்னான், "எல்லா அடையாளமும் சரியா இருக்கு."

போதகர் குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வழியை மட்டும் விட்டார்கள். தைஸ் மரத்தலையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் மேசைமேல் வைத்துச் சேற்றை ஈரத்துணியால் துடைத்தாள். இத்தனை கிட்டத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. கண்ணோரத்தைத் துடைக்கும்போது விரலில் ஒரு மேடு தட்டியது. காதுவரைக்கும் ஓடுகிற கண்ணீரைச் சிற்பி கோடு கோடாய்ச் செதுக்கியிருந்தான். அதன்மேல்தான் வருஷா வருஷம் கோஸ்டர் பூச்சை அப்பியிருக்கிறான். அவள் நாக்கைத் தொட்டாள். அது ஆடியது. தலை ஓக் மரம், நாக்கு வேறு ஏதோ மட்டமான பலகை, அடியில் ஒரு திருகாணி. மீன் கத்தியை விட்டு நெம்பினாள். கையோடு வந்துவிட்டது. உள்ளே, வாய்க்குள்ளே, இன்னொரு நாக்கு இருந்தது. மரத்தோடு மரமாய்ச் செதுக்கிய நாக்கு. கீழ்த்தாடையோடு ஒட்டி, நடுவில் கட்டைவிரல் அழுத்திய பள்ளத்தோடு.

சிற்பி பார்த்ததைத்தான் செதுக்கியிருந்தான். வலியைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறான். இது எடுபடாது, இதைப் பார்த்தால் கடைக்கு வருகிறவன் ஓடிவிடுவான் என்று கோஸ்டர்தான் ஒரு நாக்கை வெட்டித் திருகி, ஒருத்தியின் அழுகையை ஊருக்குக் காட்டும் பழிப்பாக மாற்றியிருக்கிறான்.

"பாவி" என்றாள் லைஸ்பெத். "படுபாவி."

மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். 

மருந்துக்கடை வாசலுக்கு மேல் வெறும் இரும்புக்கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. புதுப்பெண்ணாய்ப் போனதற்குப் பிறகு முதல் தடவையாக, குனியாமல், அவள் உள்ளே போனாள். சேறும் கற்பூரமும் கலந்த நாற்றம். கோஸ்டர் இழுப்பறைகளை வெளியே எடுத்துக் காயவைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். 

"என்ன வேணும்?" என்றான், நிமிராமல்.

அவள் அந்த நாக்கைக் கல்லாமேசைமேல் வைத்தாள். பூச்சு உரிந்து, மாத்திரை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் தெரிந்தது.

"ஒண்ணும் வேண்டாம். தலை முழுக்க என்னோடது, எடுத்துக்கிட்டேன்" என்றாள். "இது மட்டும் உங்க நாக்கு. வெச்சிக்கோங்க."